ரிப்பன் கட்டிய வாழை

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா என் இரட்டைப் பின்னலை ரிப்பனால் இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. வெளியே ஐப்பசிக் காற்று எங்கள் தாம்பரம் வீட்டுக் கொல்லை வாழையை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. என் தலைக்கு ரிப்பன் போதுமென்றால் வாழைக்கும் போதுமே!

சாதாரண வாழை இல்லை அது, வீரிய ஒட்டு ரகம். "நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஜம்முனு வரும் சார், மத்ததைவிட ரெண்டு சீப்பாவது கூடத் தள்ளும்" என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்யாத குறையாக விற்றது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசரான அப்பா, ஞாயிறுதோறும் டேப் பிடித்து அதன் உயரத்தை அளப்பார். கிழிந்த இலையால் சீப்பு குறைந்துவிட்டால்? அன்று மாலையே மதில்மேல் ஏறி, குருத்தோடு சேர்த்து இலைக்காம்புகளை ரிப்பனால் இறுக்கிக் கட்டினேன். அம்மா போடும் அதே முடிச்சு. அவிழாது.

அவிழவில்லைதான். சில வாரம் கழித்து, உச்சியில் வரவேண்டிய பூ தண்டின் நடுவயிற்றைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்த்தது.

முதலில் பார்த்தவர் துணி வாங்க வந்த இஸ்திரி அக்கா. "அய்ய, வவுத்துல கொலை தள்ளிக்கினு கீதே! வாயும் வவுறுமா ஒரு பொண்ணு கீற வூட்டுக்கு ஆவாது சார். வெட்டிப் போட்ரு."

அம்மாவுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பதாம் மாதம்.

"காலங்காத்தால பேஜார் பண்ணாதம்மா" என்று அப்பா சிரித்தார். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் கேலி செய்வதில் அவர் சூரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளவுக்கு மேலே என் ரிப்பன் தெரிந்தது. வாழை இப்படி ஆனதற்கு நான் காரணம் என்றால், அம்மாவுக்கு ஏதாவது ஆனால்? அவிழ்த்துவிடலாம் என்று போய், மதிலைத் தொட்டதுமே திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

அந்த வாரமே அம்மாவின் முகமும் காலும் வீங்கின. பிரஷர் ஏறிவிட்டதென்று குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மதியம் மாற்றுத்துணி எடுக்க வந்த அப்பா, நேராகக் கொல்லைக்குப் போய்க் கத்தியை ஓங்கினார். ஒரே வெட்டில் சாய்ந்துவிடும் மரத்தை நாலைந்து தடவை வெட்டினார். ரிப்பன் அவர் காலடியில் விழுந்தது.

"இது என்ன பாப்பா?"

"காத்துக்குக் கட்டினேன்ப்பா... அம்மா செத்துடுவாங்களா?"

அவர் ரிப்பனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பைக்கில் ஏறினார். சாவியைத் துளைக்குள் நுழைக்க மூன்று தடவை முயன்றார். என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தங்கை பிறந்தாள். அம்மாவும் நலம். "பாத்தியா, வெட்னதாலதான்" என்றார் இஸ்திரி அக்கா. அப்பா மறுத்துப் பேசவில்லை. அது ஏன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இப்போது விவசாயம் படிக்கிறேன். குலை நடுத்தண்டைப் பிளப்பதற்குக் குளிர், தண்ணீர்க் குறைவு என்று வகுப்பில் காரணங்கள் சொல்கிறார்கள். ரிப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. அன்று வெட்டுக்குத் தப்பிய பக்கக்கன்றின் வழிவந்த இரண்டு வாழைகள் கொல்லையில் நிற்கின்றன. வரும் ஐப்பசியில் ஒன்றைக் கட்டப்போகிறேன். மற்றதை அப்படியே விடப்போகிறேன். ரிப்பன் தங்கையுடையது.

"வேணாம்மா" என்றார் அப்பா, சிரிக்காமல். அளக்கும்போது டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.