கண்ணாடி மேல் போட்ட பழி

இது போன வருடம் ஆகஸ்ட் மாதம் நடந்தது. டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். நான், என் கணவர், ஒன்பது வயது மகள். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து சோடாபுட்டி கண்ணாடி. இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டுக்கு மேல். கழற்றி வைத்தால் எதிரில் நிற்பது கணவரா ஃபிரிட்ஜா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நான் மூன்று வருடமாகக் கண் டாக்டரிடம் போகவில்லை. காரணம், எங்கள் வீட்டு 'இந்தியா லிஸ்ட்'. இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டில் இது உண்டு. பல், ரத்தப் பரிசோதனை, கண், முட்டிவலி எல்லாவற்றையும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிடுவோம். ஒவ்வொரு வருடமும் இன்ஷூரன்ஸ் படிவத்தில் கண்ணுக்கு என்று இருக்கும் கட்டத்தில் டிக் போடாமல் விட்ட புத்திசாலியும் நான்தான். ஊர்ப் பயணம் இரண்டு தடவை தள்ளிப்போனது. கண்ணும் கூடவே தள்ளிப்போனது.

ஜூலை கடைசியில் மகள் என் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டாள். உடைந்ததை டேப் ஒட்டி மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். மெல்லிய லென்ஸுக்குத் தனி, கண் கூசாமலிருக்கத் தனி, கீறல் விழாமலிருக்கத் தனி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். அதற்கும் முன்னால் புதிதாகக் கண் பரிசோதனை வேறு செய்ய வேண்டுமாம். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று வருடம் முந்தைய கோயம்புத்தூர் சீட்டிலிருந்த நம்பர்களை அப்படியே தட்டினேன். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அந்த வெப்சைட் கேட்டது. பி.டி. என்பார்கள் அதை. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று மகளின் ஸ்கூல் ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து நானே அளந்து போட்டேன். கடைக்காரன் சொன்னதில் கால்வாசி விலைக்கு வேலை முடிந்தது. அன்று முழுக்க என் சாமர்த்தியத்தைப் பற்றி என் கணவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடி வெள்ளிக்கிழமை வந்தது. தடிமனான கறுப்பு ஃப்ரேம். போட்டதும் தரை லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. புதுக்கண்ணாடி, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கராஜுக்குள் நுழையும்போது இடது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று ஏதோ வெட்டியது. விலை குறைந்த லென்ஸ், வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று நினைத்தேன். மறுநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், கடுகு தாளித்துக் கண்ணுக்குள் கொட்டின மாதிரி மிதந்தன. லென்ஸை நான்கு தடவை கழுவித் துடைத்தேன். புதன்கிழமை இடது ஓரத்தில், கீழ்ப்பக்கமாக ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. காதில் மாட்டும் பட்டை அகலமாக இருக்கிறதல்லவா, அதுதான் மறைக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன். உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது நிஜம். ஆனால் வாய் திறந்து சொன்னால், 'உன் சாமர்த்தியம் இதுதானா' என்று வீட்டில் கேட்பார்கள். அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மகளுடன் பக்கத்து ஊரான ஆலனில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினேன். ஃப்ரீவேயில் இடது பக்க லேனுக்கு மாறத் திரும்பிப் பார்த்தேன், காலியாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பக்கத்திலேயே ஒரு லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. மகள் அலறினாள். எப்படி வண்டியைப் பழைய லேனுக்குள் இழுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய லாரி என் கண்ணில் படவே இல்லை. ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி வண்டியை எடுத்தேன். அப்போதும் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன ஃப்ரேமைத்தான் திட்டினேன்.

கடைக்குப் போனதில் எனக்கு ஒரு திருட்டு யோசனை இருந்தது. ஃப்ரேம் பார்க்க வந்தவள் மாதிரி நடித்து, இந்தப் பட்டையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, பி.டி.யையும் சரியாக அளந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த ஆன்லைன்காரனோடு சண்டை போடலாம் என்பது திட்டம். கவுன்டரில் கண்ணாடி பொருத்தித் தரும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மகளை நான் அதட்டியதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"நீங்கள் தமிழோ?" என்றார். இலங்கைத் தமிழ்.

எனக்குப் பாதி வேலை முடிந்த சந்தோஷம். "ஆமாங்க. இந்த ஃப்ரேம் லெஃப்ட் சைடுல ரொம்ப மறைக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தர முடியுமா? அப்படியே பி.டி.யும் மெஷர் பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தில் மாட்டிப் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"எத்தினை நாளா மறைக்குது?"

"ஒரு வாரமா. இல்ல, மறைக்கறது மூணு நாளாத்தான்."

"மின்னல் மாதிரி ஏதும் வெட்டுதோ?"

நான் சிரித்துவிட்டேன். "ஆமாங்க. சீப் லென்ஸு, அதான்."

அவர் சிரிக்கவில்லை. "கண்ணாடியைக் கழட்டுங்கோ. வலக்கண்ணைக் கையால பொத்துங்கோ. என்ர முகத்தையே பாருங்கோ. இப்பவும் மறைக்குதோ?"

மறைத்தது. கண்ணாடியே இல்லை, ஆனால் நிழல் அதே இடத்தில் இருந்தது. அவர் முகம் கலங்கலாகத் தெரிந்தது, அவர் நீட்டிய கை என் இடப்பக்கம் வந்ததும் காணாமல் போனது. வீட்டில் எத்தனை தடவை கழற்றிக் கழுவினேன், கழுவும்போது ஒரு கண்ணை மூடிப் பார்க்கத் தோன்றவே இல்லையே.

"நான் டொக்டர் இல்லை. ஆனா இது கண்ணாடியின்ர பிழை இல்லை. நீங்கள் இப்பவே ரெட்டினா டொக்டரிட்டப் போகோணும்."

அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "டிசம்பர்ல இந்தியா போறோம், அங்கே காட்டிக்கலாமா?" என்று கேட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கும்.

"டிசம்பரோ? நாளைக்கே பிந்திப் போகும்" என்றபடி போனை எடுத்தார். முதல் இடத்தில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் குரலை உயர்த்திப் பேசி, ஒரு மணி நேரத்துக்குள் வரலாம் என்று சொல்ல வைத்தார். நான் கார் சாவியை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் கார் ஓடக்கூடாது. நான் கூட்டிக்கொண்டு போறன்." மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தார். பெயர்கூடத் தெரியாத ஒருவரை ஏமாற்ற வந்து, அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பின் சீட்டிலிருந்து மகள் மெல்லக் கேட்டாள். "அம்மா, ஆர் யூ கோயிங் டு பி ப்ளைண்ட்?"

அந்தப் பெண்தான் ரோட்டைப் பார்த்தபடியே, "அப்பிடி ஆகக்கூடாது எண்டுதானே செல்லம், அவசரமாக் கெதியாப் போறம்" என்றார்.

நான் போன் செய்து, ரிச்சர்ட்சனிலுள்ள ஆபீஸிலிருந்து என் கணவர் ஓடிவந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பெண் கடைக்குத் திரும்பினார். டாக்டர் மருந்து விட்டு, விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணின் உள்திரையான ரெட்டினா கிழிந்து உரிந்துகொண்டு வருகிறது, நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதுவும் விட்டுவிட்டால் பிறகு என்ன செய்தாலும் பழைய பார்வை வராது என்றார். பவர் அதிகமுள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். மறுநாள் காலையே ஆபரேஷன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் என் கணவர். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் பாதிக்குக் கீழே ஒன்றுமில்லை. மத்தியானம் அவள் தாடைவரை தெரிந்திருந்தது. நிழல் ஏறிக்கொண்டே வருகிறது. அவள் பயந்துவிடக் கூடாது என்று சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்துகொண்டு நான் சிரித்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்ததால் ஒரு வாரம் குனிந்தபடியே சாப்பாடு, குனிந்தபடியே தூக்கம். கட்டைப் பிரித்த முதல் நாட்களில் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல எல்லாம் ஆடியது. இனி இவ்வளவுதான் என்று பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு வாயு மெல்ல மெல்லக் குறைய, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உலகம் வந்தது. முழுக்கவும் பழையபடி ஆகவில்லை. நேர்கோடுகள் அந்தக் கண்ணுக்குச் சற்று வளைந்தே தெரிகின்றன. போதும், அதுவே பெரிய விஷயம்.

கடைக்குப் போய் அவருக்கு நன்றி சொன்னேன். என் திருட்டு யோசனையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அது இங்க வாற எல்லாரும் செய்யிறதுதானே" என்று சிரித்துவிட்டு, காத்திருந்த இன்னொருவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் எழுந்திருக்குமுன் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் படுக்கையறை ஜன்னலைப் பார்க்கிறேன். நான்கு மூலையும் தெரிந்த பிறகுதான் காலைத் தரையில் வைக்கிறேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை, ஆனால் அது வரும்போது ஒரு காரணம் சொல்லி வாயடைக்கும் வழக்கத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன்.