புளி தீர்ந்துபோன வெள்ளிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அருப்புக்கோட்டையிலிருந்து நானும் என் கணவரும் பைக்கில் போயிருந்தோம். போன காரியம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்போதே வண்டியைத் திருப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் கணவர் பதினாலு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஒரு தடவை லீவுக்கு வந்து பெட்டியைத் திறந்தார். சென்ட், பால் பவுடர், பிஸ்தா எல்லாம் வெளியே வந்த பிறகு, துணியில் சுற்றிய ஒரு கம்பு வந்தது. அதன் நுனியில் வட்டமாக ஒரு தட்டு. “இது என்னங்க, தோசை திருப்பவா?” என்று கேட்டேன். மெட்டல் டிடெக்டராம். மண்ணுக்குள் இரும்போ செம்போ கிடந்தால் கத்துமாம். அங்கே லீவு நாளில் ரூம்காரர்களோடு கடற்கரைக்குப் போய், குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரத்தையெல்லாம் தேடுவார்களாம். ஊருக்குத் திரும்பிய ஒரு நண்பர் அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டுத் திருகாணி வாசல் மண்ணில் விழுந்தபோது அந்தக் கம்புதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. அப்புறம் எம்.ரெட்டியபட்டியில் ஒருவர் பருத்திக் காட்டில் தொலைத்த டிராக்டர் சாவி. அதோடு ‘மெசின் பாய்’ என்று பேரே வந்துவிட்டது. யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். ஒரு டீ குடிப்பார். குடித்துவிட்டு வந்து ரெண்டு நாளைக்கு என்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த ஆடியில் அவருக்கு வேறு கம்பெனியில் புது விசா வந்திருந்தது. ‘இவர் மேல் எந்தக் கேசும் இல்லை’ என்று போலீஸ் கொடுக்கும் சர்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி. மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்த நேரம். அந்த ஒரு காகிதத்தை நம்பித்தான் எங்கள் குடும்பமே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கிராமத்தில் அண்ணன் ஒருவர், சொந்தக் காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி, இவருக்கு ரொம்ப நாள் பழக்கம். உழும்போது டிராக்டர் கலப்பையின் கொழு ஒன்று முறிந்து மண்ணுக்குள் போய்விட்டது, அடுத்த உழவில் டயரைக் கிழித்துவிடும், வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். இவர் வெளிநாடு போக இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது, தனியாக விடுவானேன் என்று நானும் டிபன் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு கூடவே போனேன். மெசின் கத்தியது, கொழு கிடைத்தது. பனைமரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டும் முடித்தோம்.

அப்போதுதான் அண்ணன் காட்டு மூலையில் இருந்த மேட்டைக் காட்டினார். அதைச் சில்லு மேடு என்பார்கள். எங்கே கொத்தினாலும் கறுப்பும் சிவப்புமாகப் பழைய ஓட்டாஞ்சில்லு வரும். அதில் யாரும் விதைப்பதில்லை.

“பாய், அங்கிட்டும் ஒரு தடவ மெசினக் காட்டிட்டுப் போங்க. பொதையல் கெடக்குனு எங்கய்யா காலத்துல இருந்து பேச்சு இருக்கு.”

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு பிரகாசம் இல்லை. மேட்டில் ஏறி நாலு எட்டு வைத்ததும் மெசின் கத்தியது. அண்ணன் ஓடிப்போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். ரெண்டு பேரும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். சின்னப் பானை ஒன்றின் வாய் நொறுங்கிவிட்டது. உள்ளே பச்சைப் பாசி பிடித்தது போல, காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு கட்டி, உதிரியாக ஏழு காசு. காசு என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம். பார்க்கச் சின்னச் சின்னப் பச்சை வில்லைகள்.

பக்கத்தில் இன்னும் மெசின் கத்திக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் கடப்பாரையை மறுபடியும் ஓங்கினார். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இருங்கண்ணே, ஜும்மாவுக்கு நேரமாயிருச்சு. ஞாயித்துக்கிழம வாரேன், மிச்சத்த அப்பப் பாப்போம்” என்று மண்ணைத் தள்ளி மூடினார். செம்பா தங்கமா என்று பார்த்துச் சொல்வதாக, கிடைத்ததை என் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டோம். திருச்சுழியில் தொழுதுவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

இனிமேல் வருவது என் திருவிளையாடல்.

அவர் வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டார். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இப்படிக் களிம்பு ஏறிக் கிடக்கிறதே என்று கை பரபரத்தது. செம்புப் பாத்திரம் கறுத்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? புளியைக் கரைத்தேன், உப்பைப் போட்டேன், தேங்காய் நாரை எடுத்தேன். ஏழு காசையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒரு காசில் வளைவாக ஒரு கோடு விரலில் தட்டியது, ஏதோ ஒரு மிருகத்தின் கால் மாதிரி. அழுக்குதான் இப்படித் திரண்டிருக்கிறது என்று அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கடைசியில் ஏழும் புதுக் குடம் போலப் பளபளத்தன. அந்தக் கட்டியையும் ஊறப்போட்டுப் பிரித்துவிடலாம் என்று புளி டப்பாவைப் பார்த்தால் காலி. கடைக்குப் போகச் சோம்பல். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று அப்படியே மூடி வைத்தேன்.

தூங்கி எழுந்தவர் தட்டில் வரிசையாக இருந்த காசைப் பார்த்துச் சொக்கிப்போனார். போட்டோ எடுத்துப் பழைய ரூம்காரர்கள் குரூப்பில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? மண்ணுக்குள்ள கெடைக்கிறது அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதுடா. சொல்லாம வச்சிருந்தா கேசு. ஒனக்குப் போலீஸ் சர்டிபிகேட் வரணும்ல?”

 இவர் உடனே போட்டோவை அழித்தார். கிராமத்து அண்ணனுக்குப் போன் போட்டார். அங்கே வேறு பயம். “எம்பேர மட்டும் சொல்லிறாதீக பாய். காட்டப் புடுங்கிக்கிட்டாகன்னா நாங்க எங்க போயி நிக்கிறது?” என்று அவர் அழாத குறையாகக் கெஞ்சினார்.

அடுத்த ரெண்டு நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, இவர் மேட்டுப் பக்கம் போகவில்லை. கண்மாயில் எறிந்துவிடலாம் என்று ஒரு தடவை சொல்வார். எடுத்த குழியிலேயே போட்டு மூடிவிடலாம் என்று ஒரு தடவை சொல்வார். டப்பா அலமாரிக்குள் இருந்தது. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று எட்டிப் பார்ப்பேன். ஞாயிறு சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“மச்சான், நாம யாரு வீட்டுலயும் திருடல. தெரியாமச் செஞ்சது. தெரிஞ்ச பெறகும் ஒளிச்சு வச்சாத்தான் அது திருட்டு. நாளைக்குக் கொண்டுபோயிக் குடுப்போம். விசா போனாப் போகட்டும்” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. ராத்திரி தொழுகையில் விசா போய்விடக் கூடாது என்றுதான் துஆ கேட்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கினோம். இறங்கின இடத்தில் அந்த அண்ணன் நின்றுகொண்டிருந்தார், வெள்ளை வேட்டி, கையில் பட்டா நகல். முந்தின நாள் போனில் என் கணவர், “ஒங்க பேரு வராதுண்ணே, ரோட்டோரத்துல கெடைச்சதுன்னு சொல்லிக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். அண்ணன் எங்களைப் பார்த்து, “காடு என்னுது, தோண்டச் சொன்னதும் நானு. ஒங்கள மட்டும் அனுப்பிட்டு வீட்டுல எப்பிடி உக்கார்றது?” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெண்டு நாளாக அவரை மனதுக்குள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து வெட்கப்பட்டேன்.

தாலுகா ஆபீசில் அதிகாரி முழுவதையும் கேட்டார், எழுதி வாங்கினார், யாருக்கோ போன் செய்தார், உட்காரச் சொன்னார். மதியத்துக்கு மேல் தொல்லியல் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். டப்பாவைத் திறந்ததும் அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. ஏழு காசையும் பார்த்துவிட்டு, “யாரு இத வெளக்குனது?” என்றார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினேன்.

“புளியா?”

“ஆமாங்க. உப்பும் போட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அந்தப் பச்சைக் களிம்போடு ஒட்டித்தான் எழுத்தும் உருவமும் இருக்கும், அதைத் தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று நிதானமாகச் சொன்னார். “இதுல என்ன இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார். அத்தனை காலம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை ஒரு மதிய நேரத்தில் நான் துடைத்துப் போட்டிருக்கிறேன். என் விரலில் தட்டிய அந்தக் கோடு ஞாபகம் வந்தது. யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் டப்பாவின் ஓரத்தில் இருந்த கட்டியை அவர் பார்த்தார். “இத ஒன்னும் பண்ணலையே?” என்று கேட்டார். குரலே மாறிவிட்டது.

“இல்லீங்க. புளி தீந்துபோச்சு.”

 அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நான் தலையை நிமிர்த்தினேன்.

அடுத்து என் கணவரைப் பிடித்துக்கொண்டார். பானை எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கூட எலும்போ மணியோ கிடந்ததா என்று கேள்வி மேல் கேள்வி.  மெசின் கத்தினால் தோண்டுவார், அவ்வளவுதான் இவருக்குத் தெரியும். காசை விட அது கிடந்த இடம்தான் எங்களுக்குப் பெரிது என்று அந்த அம்மா சொன்னபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லோரும் ஜீப்பில் மேட்டுக்குப் போனோம். மூடியிருந்த மண்ணை அந்த அம்மா கையாலேயே மெல்ல விலக்கினார், ஒரு பிரஷ்ஷால் கூட்டினார். நொறுங்கிய பானைக்கு ஒரு சாண் தள்ளி, பெரிய தாழி ஒன்றின் விளிம்பு வட்டமாகத் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. அண்ணன் ஓங்கிய கடப்பாரை இறங்கியிருந்தால் நேராக அதன் மேல்தான் விழுந்திருக்கும்.

“ஏன் இதோட நிறுத்துனீங்க?” என்று கேட்டார்.

“ஜும்மாவுக்கு நேரமாயிருச்சுங்க” என்றார் இவர்.

“நல்லவேளை” என்றார் அந்த அம்மா.

நாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைத்ததால் எச்சரித்து அனுப்பினார்கள். இனிமேல் பழைய மேட்டில் மெசினைக் காட்டினால் சும்மா விட மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அண்ணனின் காடு அவருடையதுதான், ஆராய்ந்து முடிக்கும் வரை அந்த மூலையை மட்டும் தொடாதீர்கள் என்றார்கள். அவர் பட்டா நகலை மடித்து மடித்துப் பையில் வைத்த வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் நாலு நாலு புரோட்டா சாப்பிட்டோம். மூன்று நாள் பசி. கொஞ்ச நாளில் போலீஸ் சர்டிபிகேட்டும் வந்தது, அவரும் விமானம் ஏறினார்.

மெசின் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. லீவுக்கு வரும்போது யாராவது கூப்பிட்டால் தேடிக் கொடுக்கப் போவார். ஆனால் இப்போது முதல் கேள்வியே, “தொலைச்சது யாரு?” என்பதுதான். தொலைத்தவர் நேரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டனைத் தொட மாட்டார்.

ஒரு வருடம் கழித்து அந்த அம்மா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அந்தக் கட்டியை முறைப்படி பிரித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஒரு காசில் தெளிவாக ஒரு காளை நின்றது. அதன் முன்னங்கால் மடங்கிய வளைவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, அன்றைக்கு நான் தேய்த்த காசில் என் விரலில் தட்டியதும் இதே வளைவுதான். படத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இன்றைக்கும் செம்புக் குடத்தை விளக்க உட்கார்ந்தால், நான் அழித்த ஏழு காளைகளுக்காக மனம் வலிக்கிறது. கூடவே, அந்த வெள்ளிக்கிழமை புளி டப்பாவைக் காலியாக வைத்திருந்த இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.