பின்பாதி மட்டும் வருகிறவன்

நண்பனுக்குப் புத்தகம் சிபாரிசு செய்வதைப் போல வெட்டி வேலை வேறில்லை. அதுவும் அவன் ஆர்.சி. கத்தோலிக்கன், நான் புராட்டஸ்டண்ட் சபைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவன் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். நான் ஆயர் தாவார் ஊர்க்காரன். ஈப்போவில் ஒரே அலுவலகத்தில், பென்ஷன் வாங்கும்வரை பக்கத்துப் பக்கத்து மேசை. அத்தனை வருடத்தில் நாங்கள் மதம் பேசியது குறைவு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவிலுக்குப் போகிறவன் என்று நான் அவனைக் கிண்டல் செய்வேன். உங்கள் பாஸ்டருக்குப் பிரசங்கத்தை முடிக்கவே தெரியாதா என்று அவன் என்னைக் கேட்பான்.

போன வருடம் அவன் மனைவி இறந்துபோனார். அதன் பிறகு, சாயங்காலம் ஏழு மணி ஆவதற்குள் செமோரில் உள்ள தன் வீட்டைப் பூட்டிவிட்டு, காடியை ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிடுவான். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கும்வரை அசைய மாட்டான். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை போல என்று நானும் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கோப்பியைப் பார்த்தபடியே சொன்னான். "மச்சான், ஏதாச்சும் சாமி புக்கு இருந்தா குடு லா. அவ போனதுல இருந்து எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது. உட்கார்ந்து பாக்குறேன், ஒண்ணுமே வரல. இப்படியே போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எப்பாடு பட்டாவது இவனை ஜெபிக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் படித்தவற்றைத் தூக்கிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சபைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைத்துவிடுவானே. அதனால் கத்தோலிக்கப் புத்தகமாகவே தேடினேன். ஒரு துறவி மௌனத்தைப் பற்றி எழுதியதை முதலில் கொடுத்தேன். துக்கத்தைப் பற்றி ஒரு கன்னியாஸ்திரி எழுதியதை, ஊருக்குப் போயிருந்த என் தங்கையிடம் சொல்லித் திருச்சியிலிருந்து வரவழைத்தேன். மூன்றாவது சின்னப் புத்தகம், நாளுக்கு ஒரு பக்கம், சொந்த வார்த்தையில் கடவுளிடம் எப்படிப் பேசுவது என்று சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தது.

கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கு மச்சான் என்பான். எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எல்லாமே என்பான். எல்லாமே நன்றாக இருக்கும் புத்தகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட சந்தோஷப்பட்டிருப்பேன். அவன் பாட்டுக்கு ஏழு மணிக்குக் கடைக்கு வந்து கோப்பியை ஆற விட்டுக்கொண்டிருந்தான். வாரம் போகப் போக ஆளும் இளைத்துக்கொண்டே வந்தான்.

எங்கள் சபையில் ஒரு அக்காவுக்குக் கணவர் தவறிவிட்டார். கன்னியாஸ்திரி எழுதிய புத்தகம் அவருக்காவது உதவட்டும் என்று, திருப்பி வாங்க ஒரு சாயங்காலம் செமோருக்கே போனேன்.

புத்தகங்களைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஹாலில் பீடம். மேலே இயேசுவின் திரு இருதயப் படம், கீழே மாதா சுரூபம், பக்கத்தில் அவன் மனைவியின் போட்டோ. என் மூன்று புத்தகங்களும் பள்ளிக்கூடப் புத்தகம் போல பிளாஸ்டிக் அட்டை போட்டு, அந்தப் பீடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றின்மேல் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு. ஒன்றையும் பிரித்த அடையாளம் இல்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இது என்னடா என்று கேட்டேன். வேதப் புத்தகத்தைக் கண்ட இடத்தில் வைக்கலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டான். படிக்கக் கொடுத்தேனா, பூப் போடக் கொடுத்தேனா என்று கத்தினேன். அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். ஏழாகப் போகிறது. காடிச் சாவியை எடுத்துக்கொண்டு, வா மச்சான், கடைக்குப் போலாம் என்றான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஜெபம் வேண்டும் என்று கேட்கிறாய், ஜெபம் பண்ணுகிற நேரத்தில் வீட்டை விட்டு ஓடுகிறாய், காரணத்தைச் சொல்லாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "ஏழு மணிக்கு ஜெபமாலை. தோட்டத்துல, ஒவ்வொரு மணிய உருட்டும்போதும் மாதா ஜெபத்தோட முன்பாதிய அம்மா ஆரம்பிப்பாங்க, பின்பாதிய நாங்க பதிலா சொல்லுவோம். கல்யாணம் ஆனதுக்கப்புறம் அவ ஆரம்பிப்பா. பின்பாதி மட்டுந்தான் மச்சான் நான் சொல்லிப் பழக்கம். முன்பாதி தெரியாம இல்ல. வாயைத் திறந்தா வரல. யாராச்சும் ஆரம்பிச்சாத்தான் வருது."

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவிலுக்குப் போகிறவன் என்று நான் கிண்டல் செய்த ஆள், தினமும் ஏழு மணிக்கு முழங்கால் போட்டிருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே. நான் பாட்டுக்கு மௌனம், துக்கம், சொந்த வார்த்தை என்று ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

"நீ ஆரம்பிச்சு விடேன்" என்றான்.

எங்கள் சபையில் மாதாவை நோக்கி ஜெபிப்பதில்லை. ஐம்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான். அவன் மீதும், எங்கள் சபை மீதும், அந்த மூன்று புத்தகங்கள் மீதும் எனக்கு ஒரே எரிச்சல். முன்பாதி எனக்கு வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவன் மனைவியின் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்தே கையில் கொடுத்தான்.

தட்டுத் தடுமாறி வாசித்தேன். என் கடைசி வார்த்தை முடியவில்லை, அவன் குரல் கிளம்பிவிட்டது. மூச்சு விடாமல், கண்ணை மூடிக்கொண்டு, தோட்டத்து ராகத்தில் சொன்னான். அடுத்ததை நான் இழுத்து வாசித்தபோது, இவ்வளவு மெதுவா சொல்லாத, அவ வேகமா சொல்லுவா என்று கண்ணைத் திறக்காமலே அதட்டினான்.

ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தன. அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. போதும் என்று புத்தகத்தை மூடினேன்.

"இன்னும் நாலு பத்து இருக்கு மச்சான்" என்றான்.

முனகிக்கொண்டே திரும்பவும் பிரித்தேன். காடிச் சாவி அவன் கையில் இல்லை. மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், என் புத்தகத்தின்மேல் வைத்திருந்தான்.