தண்ணீர் வண்டிக்கு ஒரு பாட்டு செட்

வண்டிகளுக்குப் பாட்டு செட் பொருத்தும் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: துளை போடும்வரை வண்டி வாடிக்கையாளருடையது, போட்டபின் கவலை முழுக்க நம்முடையது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பூந்தமல்லியில் ஒரு கார் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது.

கதவைத் தேடியவர்

மெட்ரோ வேலைக்காகப் பாதி மறித்திருந்த சாலையில் நெளிந்து வளைந்து ஒரு டிரெய்லர் வந்து நின்றது. அதன்மேல், கடலில் சீறிக்கொண்டு போகுமே, அந்த வாட்டர் ஸ்கூட்டர். கொண்டுவந்தவர் பாரிவாக்கம் தாஸ் அண்ணன். நெல் போட்ட குடும்பம். இப்போது கோவளம் பக்கம் உப்பங்கழியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார். இருப்பது இந்த ஒரு வண்டி. பாட்டு இருந்தால் கூட்டம் வரும் என்று நம்பினார்.

எங்கள் மூத்த ஃபிட்டர் சேகர் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இன்னா நைனா இது, டோர் ஸ்பீக்கர் போடலாம்னா டோரையே காணோம்!"

துளை

பேட்டரி சீட்டுக்கு அடியில். ஸ்பீக்கர் ஹேண்டில் பக்கம். வயர் போக வண்டியின் உடம்பில் ஒரு துளை போட்டே ஆகவேண்டும். "நீதான படிச்சவன், நீயே போடு" என்று முதலாளி நகர்ந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போனால் பேட்டரியும் போகும், தாஸ் அண்ணனின் பிழைப்பும் போகும். அளந்தேன், அழித்தேன், மறுபடி அளந்தேன். பிறகுதான் டிரில்லை எடுத்தேன்.

பக்கத்தில் குந்தியிருந்த தாஸ் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கார்ல ஓட்ட போட்டா துருதான் புடிக்கும். இதுல போட்டா நான் முழுகிடுவேன். பாத்து."

சோதனை

ரப்பர் வளையம் வைத்து, பசை பூசி, காயவிட்டு, பக்கத்தில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பாட்டை ஓடவிட்டு, குழாய் பிடித்தவரிடம் எல்லாப் பக்கமும் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். பாட்டு நிற்கவில்லை. பேட்டரி மூடியைத் திறந்து விரலால் தடவினேன், காய்ந்திருந்தது. அப்புறம் கடைக்குள் கொண்டுவந்து, கார்களுக்குச் செய்வதுபோலவே ஷட்டர் அதிரும்வரை பேஸ் சத்தத்தை ஏற்றினோம்.

குழாய் பிடித்தவருக்கு மட்டும் கடைசிவரை மனசு ஆறவில்லை: "தண்ணியிலயே கீற வண்டிக்கு இன்னாத்துக்குபா வாட்டர் சர்வீஸு?"

உப்பங்கழியில்

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தண்ணீரில் இறக்கினார்கள். "ஓட்ட போட்டவன் நீதான, ஏறு பின்னால" என்றார் தாஸ் அண்ணன். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

அவர் ஆக்சிலேட்டரை முறுக்கியதுதான் தாமதம், பாட்டு காணாமல் போனது. மூடிய அறைக்குள் இன்ஜினை அணைத்து வைத்துச் சரிபார்த்த சத்தம், திறந்தவெளியில் காற்றிலும் இன்ஜின் இரைச்சலிலும் கரைந்துவிட்டது. காருக்கே செட் போட்டுப் பழகிய எங்களுக்கு அது தோன்றவே இல்லை. நடுத்தண்ணீரில் நிறுத்தினார். பாட்டு திரும்ப வந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "பாட்டை மறுபடி சரிபண்ணித் தரேண்ணா" என்றேன்.

"அத்த உடு தம்பி. நின்னாத்தான் பாட்டு கேக்கும்னா, வர்றவங்க நடுவுல நிறுத்த சொல்லுவாங்க. எனுக்கு பெட்ரோல் மிச்சம்."

இப்போது ஏசி அறையில் கணினி முன்னால் நான் செய்யும் வேலையை நாலு பேர் சரிபார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையும் பின்னால் ஏறச் சொல்வதில்லை.