துணைக்காக விட்ட இடம்

இங்கே கல்லூரிகள் பிள்ளைகளைத் தேடிக் கடிதம் எழுதுகின்றன. மகன் வீட்டோடு இருக்கலாம் என்று அமெரிக்காவின் கொலம்பஸுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது இதுதான். வாசலில் நிற்கும் தபால் பெட்டியைத் திறந்தால், பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஹனாவின் பெயருக்கு வழுவழுப்பான அட்டைகள். புல்வெளி, செங்கல் கட்டடம், சிரிக்கும் பிள்ளைகள், 'உன்னைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்' என்று ஒரு வரி. எண்ணினேன், முப்பத்தொன்று. ஹனா மொத்தத்தையும் குப்பையில் போட்டாள். நான் பொறுக்கி எடுத்து மறுபடி எண்ணினேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை அடிக்கணக்கில் குறித்தே ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் எதையும் கீழே போட மனம் வராது.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் கல்லூரி ஆலோசனைக்கென்றே ஓர் அம்மையார் இருக்கிறார். மகனோடு நானும் போனேன். "இவளுக்குத் துணையாக யார் போவார்கள்?" என்று கேட்டேன். வளாகத்தில் இரவும் பகலும் காவலர்கள் உண்டு, கவலை வேண்டாம் என்றார். நான் கேட்டது அதுவல்ல. விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிவாசலின் கீழ்த்தளத்தில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு கூட்டம் நடந்தது. சோமாலியத் தகப்பன்மார்கள், வங்காளத்துத் தாய்மார்கள், மூன்றாம் வரிசையில் நான். பேச வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. "குடும்பங்கள் செய்யும் முதல் தவறு, தோழி போகிறாள் என்பதற்காக ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது" என்றாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. அவள் வாய் திறக்கும் முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஏலக்காய் வியாபாரி சிக்கந்தரின் மகள் பர்வீன்.

1999ஆம் ஆண்டு பொறியியல் கல்லூரிக் கவுன்சிலிங்குக்கு அழைப்பு வந்தபோது, சிக்கந்தர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மகளும் என் கடைக்குட்டி ஷமீமாவும் ஒரே வகுப்பு.

"மச்சான், ஒத்தைப் பொம்பளைப் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு என் வீட்டுக்காரி அழுகுறா. ஷமீமா போற எடத்துக்குன்னா சரிங்கிறா. நீங்கதான் மனசு வைக்கணும்."

"ஷமீமா ராங்கு முன்னாடியில்ல இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். பர்வீனுக்கு எட்டுற மாதிரி கோயம்புத்தூரா எடுத்துருங்க. ரெண்டும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரட்டும்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சம்மதித்தேன். நான்கு பேரும் ஒரே பேருந்தில் சென்னைக்குப் போனோம். அவர் வாங்கித் தந்த பன்னைத்தான் நானும் என் மகளும் தின்றோம்.

ராங்க் வரிசைப்படிதான் உள்ளே கூப்பிடுவார்கள். ஷமீமாவோடு நான் போனேன். திரையில் எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு, சென்னைக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் ஒரே ஓர் இடம் மிச்சம். ஷமீமா அதன்மேல் விரலை வைத்தாள்.

"அத்தா, இது இன்னும் இருக்கு."

"கோயம்புத்தூர்னு பேசியாச்சும்மா."

விரலை எடுத்துவிட்டாள். கோயம்புத்தூரில் சிவில் கிடைத்தது.

எங்கள் பிரிவில் ஷமீமாவுக்கும் பர்வீனுக்கும் நடுவே மூன்றே பேர். மூவரும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சிக்கந்தர் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளை நான்தான் வாங்கிப் பார்த்தேன். சென்னை, எலக்ட்ரானிக்ஸ்.

"தானா வந்ததை வேணாம்னு சொல்லச் சொல்றீகளா மச்சான்?"

"ஒத்தையில அனுப்ப மாட்டேன்னீகளே?"

"அங்கன அவ சின்னம்மா வீடு இருக்குல்ல."

அப்படி ஒரு வீடு இருப்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். துணைக்காக எடுத்த ஊருக்கு ஷமீமா துணையில்லாமல் போனாள். நான்கு வருடமும் லீவுக்கு வரும்போதெல்லாம் தனியாகத்தான் பஸ் இறங்கினாள். இன்று தேனியில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். குறையொன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கூட்டம் முடிந்ததும் பர்வீன் நேரே என்னிடம் வந்தாள். "மாமு! நீங்க எப்ப இங்கன வந்தீக?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "ஷமீமா என்மேல கோவமா மாமு? ஒரு கடுதாசிக்கும் பதில் போடலை. கோயம்புத்தூர்தான் வேணும்னு அவளே அடம்பிடிச்சு எடுத்தாளாமே. அத்தா சொன்னாக."

அன்று பதினெட்டு வயதாயிருந்த பிள்ளையிடமும் சிக்கந்தர் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார். பத்து வருடமாக நான் வெறுத்த பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அவள் அத்தாவைப் பற்றி அவளிடம் சொல்ல அந்த இடத்தில் எனக்கு நா எழவில்லை.

ஊரில் இந்த வருடம் கவுன்சிலிங்குக்குப் போகும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன். திரையில் இருப்பதைப் பாருங்கள், பிள்ளையின் விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த வாக்கை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவர்களும் அப்படி வைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

இப்போது சனிக்கிழமைதோறும் பர்வீன் தன் காரில் வந்து என்னைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போகிறாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லவில்லை. மகன் வீட்டில் எல்லோரும் ஆங்கிலம். இந்த ஊரில் என்னோடு எங்கள் பேச்சைப் பேச இவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

போன வாரம் காரில் இருக்கும்போது ஷமீமா போன் செய்தாள். "மாமு, பெல்ட்டப் போட்டீகளா?" என்றாள் பர்வீன்.

"யாரத்தா அது? நம்ம ஊருப் பேச்சா இருக்கு?" என்றாள் ஷமீமா.

"நம்ம பக்கத்துப் புள்ளைம்மா."

"நல்லதாப் போச்சு. துணைக்கு ஒரு ஆளு இருக்குல்ல."

"ஷமீமாவா? குடுங்க மாமு, நான் பேசுறேன்" என்று ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினாள் பர்வீன். வெளியே இருபுறமும் பனி மூடிய சோள வயல்கள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன், அவள் கையிலும் வைக்கவில்லை. மடியில் பொத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து "அத்தா, அத்தா, இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.