உஸ்மானின் தாத்தா வகுப்புக்கு வரவில்லை

வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி ஊழியர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: புதிதாக வந்த பையன் முதல் வாரத்தோடு அழுகையை நிறுத்திவிடுவான், நமக்குத்தான் அது வருஷம் பூராவும் ஓடும். உங்களில் யாராவது ஆபீஸ் கவுன்டருக்குப் பின்னால் குப்பை கொட்டியவர்களாக இருந்தால் நான் விளக்கவே வேண்டாம். 1991-ல் தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பட்ட பாட்டில் கொஞ்சத்தை எழுதுகிறேன்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு பிரிவு

மண்ணூரிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். ஜனவரியில் ஒருநாள் பிரின்ஸிபால் கூப்பிட்டு, "ஸ்டெல்லா, நீ கான்வென்ட்ல படிச்சவதானே?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. சூடான், கென்யா, மொரீஷியஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்து படித்துக்கொண்டிருந்த பதினோரு பையன்களின் ஃபைல்களையும் என் கையில் கொடுத்து, "இன்னியிலேர்ந்து நீதாம்மா வெளிநாட்டு மாணவர் பிரிவு" என்றார்.

விசா, போலீஸ் பதிவு, காய்ச்சல், சாப்பாடு, வீட்டு ஞாபகம் எல்லாமே இனி என் தலையில். எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டார்கள். உதவிக்கு அட்டெண்டர் ஏகாம்பரம் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஸ்ரீபெரும்புதூர்க்காரர். மேஜையைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "செக்‌ஷன் பேரு பெருசா கீது மேடம், தலைக்கு மேல ஒரு ஃபேன காணோமே!"

இல்லாதவருக்கு ஆப்சென்ட்

பிப்ரவரியில் சூடான் பையன் ஒருவனுக்கு வருகை போதவில்லை, பரீட்சை எழுத முடியாது என்று நோட்டீஸ் வந்தது. நான்தான் அதையும் டைப் அடித்தேன். உஸ்மான் இப்ராஹிம் தாஹா என்று பெயர். நெடுநெடுவென்று ஆறடி இருப்பான், எந்த வகுப்பிலும் முதல் பெஞ்சில்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன் நோட்டீசைப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். ஒருநாள்கூட வகுப்பைத் தவறவிட்டதில்லை என்றான்.

ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். வருஷ ஆரம்பத்தில் பெயர்ப் பட்டியலை டைப் அடித்தவளும் நான்தான். கடைசியில் இருப்பதுதான் அவன் பெயர் என்று நானே முடிவு செய்து 'யு.ஐ. தாஹா' என்று அடித்து வைத்திருந்தேன். அவன் பெயர் உஸ்மான். இப்ராஹிம் அப்பா பெயர். தாஹா தாத்தா பெயர். வகுப்பில் தாஹா, தாஹா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஏகாம்பரம், "நம்மள மாதிரிதான் மேடம். நாம அப்பா பேர முன்னாடி வச்சிக்கிறோம், அவுங்க பின்னாடி வச்சிக்கினு கீறாங்க" என்றார். பத்தாவது ஃபெயிலான மனிதருக்குப் புரிந்தது, கான்வென்டில் படித்த எனக்குப் புரியவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உஸ்மானையும் ரிஜிஸ்டரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய், தப்பு என்னுடையது என்று சொல்லி, கையெழுத்து வாங்கித் திருத்தினேன். மூன்று நாள் ஆயிற்று. கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: "மேடம், என் தாத்தா இறந்து பத்து வருஷம் ஆகிறது. அவர் வகுப்புக்கு வராததற்கு நான் என்ன செய்ய முடியும்?"

விண்ணப்பம்

அடுத்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு மாணவர்களோடு வேலை செய்யும் ஊழியர்களுக்குச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. பிரின்ஸிபால் ஒரு பேராசிரியர் பெயரை எழுதி அனுப்பச் சொன்னார். அந்தப் பேராசிரியர் எங்கள் மாடிப்படிப் பக்கமே வந்ததில்லை. வழக்கமாக நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் நோட்டீசோடு உஸ்மான் வந்து நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. "சார், நான் போறேன்" என்றேன். "டைப் அடிக்கறதுக்கு எதுக்கும்மா ட்ரெயினிங்?" என்றார்.

திரும்பி வந்து மெஷினில் பேப்பரை மாட்டினேன். உஸ்மான் விஷயத்தில் என்ன தப்பு செய்தேன், ஏன் செய்தேன், அது அவன் படிப்பை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்று ஒன்று விடாமல் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்ற தைரியம்தான். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ட்ரெயினிங் கேக்குற மொத ஆளு நீதாம்மா. போய்ட்டு வா."

கவுன்டருக்கு வெளியே

பயிற்சி மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் டை கட்டியவர்கள். நானோ பஸ் நெரிசலில் கசங்கிய புடவையில் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டேன். பயிற்சி கொடுத்த அம்மா முதல் நாள் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். முழுக்க அரபியில். இதைப் பூர்த்தி செய்து கவுன்டரில் கொடுங்கள், பத்து நிமிஷம் என்றார். கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் நமக்குப் புரியாத பாஷையில் மடமடவென்று பேசி, படிவத்தைத் திருப்பித் திருப்பி எறிந்தார்.

எனக்கு முன்னால் நின்றவர் வேறொரு கல்லூரியின் சூப்பரின்டென்டென்ட், ஓய்வு பெறும் வயது. முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை கத்தினார். மூன்றாவது தடவை படிவம் திரும்பி வந்தபோது ஓர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். கண் கலங்கியிருந்தது. என்ன ஆச்சு சார் என்று தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருஷமா கவுன்டருக்கு உள்ளாறவே நின்னுட்டேம்மா. இன்னிக்குத்தான் வெளிய நின்னு பாத்தேன்."

மெஸ்ஸில் நடந்த வகுப்பு

திரும்பி வந்ததும் எங்கள் ஆட்களுக்கு நானே ஒரு வகுப்பு எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம், ஹாஸ்டல் மெஸ்ஸில். வாட்ச்மேன், வேன் டிரைவர், ஏகாம்பரம், சமையல் மாஸ்டர் சுடலைமுத்து. புரியாதவனிடம் சத்தமாகப் பேசினால் புரியாது, மெதுவாகப் பேசினால் புரியும் என்பது முதல் பாடம். வாட்ச்மேனுக்கு அது மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு பையனுக்கும் அவன் பெயர், கல்லூரி முகவரி, போன் நம்பர் எல்லாம் தமிழில் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுப்பது என்றும் அன்றைக்கே முடிவு செய்தோம்.

சுடலைமுத்து மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வெளிநாட்டுப் பையன்கள் தன் குழம்பை ஒதுக்கிவிட்டு ரொட்டி தின்பது அவருக்குப் பெரிய அவமானம். நான் உஸ்மானை அடுக்களைக்குள் அனுப்பினேன். ஜாடையிலேயே இருவரும் பேசி, மிளகாயைப் பாதியாகக் குறைத்து ஒரு பருப்புக் குழம்பு வைத்தார்கள். மறுநாள் சுடலைமுத்து கரண்டியோடு என் மேஜைக்கே வந்துவிட்டார். "உறப்பக் கொறச்சா ருசி போயிரும்னுல்லா நெனச்சேன்! பய ரெண்டாந்தரம் வாங்கித் திங்கான் மேடம்!"

ஏகாம்பரத்தின் ஆங்கிலம்

அந்த மே மாதம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதன்பிறகு புது முகம் என்றாலே விசாரணைதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஜூனில் ஒரு மத்தியானம் உஸ்மானும் ஒரு கென்யா பையனும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து அங்கிருந்து போன் வந்தது. பாஸ்போர்ட் நகல்களைத் தேடி எடுத்துக்கொண்டு நான் கிளம்புவதற்குள் ஏகாம்பரம் சைக்கிளில் பறந்துவிட்டார்.

நான் போனபோது இரண்டு பையன்களுக்கும் நடுவில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உஸ்மானின் உதடு வறண்டு கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் காகிதங்களைச் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நடந்ததைச் சொன்னார். உள்ளே வந்ததும் ஏகாம்பரம் விறைப்பாக நின்று, "சார், திஸ் பாய் அவர் பாய்! தட் பாய் ஆல்சோ அவர் பாய்!" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாராம். சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன பதிலையும் அவரே எனக்குச் சொன்னார்: "யோவ், எனக்குத் தமிழ் தெரியும்யா, தமிழ்லயே சொல்லு!"

ஒரே ஓர் இடம்

நவம்பரில் மறுபடியும் பயிற்சி. எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம். இந்தத் தடவை நான் கேட்காமலே பிரின்ஸிபால் என் பெயரை எழுதினார். எனக்கும் ஆசைதான். ஒருநாள் பூரா யோசித்தேன். வெளிநாட்டுப் பையன் வாசலில் வந்து இறங்கினால் முதலில் பார்ப்பது என்னை அல்ல, ஏகாம்பரத்தைத்தான். என் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக் கொண்டுபோனேன். "அட்டெண்டரையா?" என்று பிரின்ஸிபால் நிமிர்ந்து பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் மூன்று நாளும் புதுச் சட்டையில் போய்வந்தார். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்பதுதான் தனக்குப் பிடித்த பாடம் என்றார்.

அடுத்த வாரம் அவர் மனைவி வள்ளி மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்பவர், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்று பயந்துபோனேன். என் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "கல்யாணம் ஆயி பதினாலு வருசம் ஆவுது மேடம், இப்பத்தான் நான் பேசறத முழுசா கேட்டுக்கினு கீறாரு. அங்க அப்டி இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

ஆக, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக என்று நடந்த இத்தனை பயிற்சியிலும் அந்தப் பிள்ளைகள் வந்தபோது இருந்தபடியேதான் இருந்தார்கள், திருந்தியதெல்லாம் உள்ளூர்க்காரர்களான நாங்கள்தான்.