அம்மாவின் இடது கால்

இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது, கார் நகரவில்லை. கடக்வாஸ்லா அணையிலிருந்து திரும்பும் வழியில், பைபாஸ் மேட்டின் பாதியில் நின்றுவிட்டோம். அம்மா ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். இன்ஜின் அலறியது, கார் பின்னோக்கிச் சரிந்தது. பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் ஓயவே இல்லை. அம்மா பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு, "நீ இறங்கி ஓரமா நில்லு" என்றாள். அவள் இறங்கவில்லை. இடது காலில் இரும்புத் தாங்கியோடு அந்தச் சரிவில் இறங்குவது அவளால் ஆகாது. பஸ் மோதினால் அவள் மட்டும் உள்ளே இருப்பாள் என்பது பள்ளிச் சிறுமியான எனக்கும் புரிந்தது.

அம்மாவுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் செயலிழந்துவிட்டது. கிளட்ச்சை அழுத்த அந்தக் கால் உதவாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் அபூர்வம். அது கிடைக்கும் என்று தெரிந்ததும் மற்ற எல்லாச் செலவையும் தள்ளி வைத்து வாங்கினாள். அதற்கு முன் கட்கியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, வரமாட்டேன் என்று தலையாட்டிப் போகும் ஆட்டோக்காரர்களைக் கெஞ்சித்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தாள். அப்பா இல்லாத வீடு. கார் வந்த பிறகு அவள் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் அணைவரை ஓட்டிப்போய், ஒரு சுட்ட சோளம் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

கெட்டுப்போவதற்கான அறிகுறிகள் வரிசையாகத்தான் வந்தன. முதலில், கியர் லீவரை நகர்த்திய பிறகு கார் கிளம்பத் தயங்கியது. அடுத்து, வேகம் பிடிக்கும்போது முதுகில் ஓர் உதை. பிறகு, சூடேறினால் இழுவை குறைந்தது. கடைசியாகக் கருகிய வாடை. எல்லாமே காரை வாங்கிய கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பிறகு தொடங்கியவை. ஒவ்வொரு முறையும் அம்மா அங்கே போய் ஒவ்வொன்றையும் தெளிவாகச் சொன்னாள். சர்வீஸ் மேனேஜர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, "ஃபுல் இருக்கு மேடம்" என்று அனுப்பிவிட்டார்.

மேட்டில் நின்ற காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போன அன்று அவர் கம்பியைக்கூடத் தொடவில்லை. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி இந்தியில் சொன்னார்: "மேடம், நீங்க இடது காலைப் பிரேக் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டறீங்க. லேடீஸ் எல்லாரும் இப்படித்தான். கியர்பாக்ஸ் எரியாம என்ன செய்யும்?"

அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினாள். இரும்பும் தோல்வாரும் தெரிந்தன. "இந்தக் கால் பிரேக்கை அழுத்துமா சாப்? அழுத்தினா நான் எதுக்கு இந்த வண்டியை வாங்கறேன்?"

அவர் பார்த்தார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்ப வலது காலா இருக்கும்."

இரண்டு மெக்கானிக்குகள் சிரித்தார்கள். அவர்களை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவரை மறக்கவில்லை. ஓட்டியவர் தவறு என்று எழுதி வாரண்டியை மறுத்தார்கள். பழுதுபார்க்கப் பணமில்லாமல் கார் கைமாறிப்போனது. அம்மா மறுபடி வாசலில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டத் தொடங்கினாள். ஓட்டுவதை விட்டாளே தவிர, லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் அவள் தவறியதில்லை.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் நான் சேர்ந்ததற்குப் பலர் பல காரணங்களை ஊகித்தார்கள். காரணம், 'அப்ப வலது காலா இருக்கும்' என்ற அந்த ஒரு வாக்கியம். கல்லூரியில் கியர்பாக்ஸைப் பிரித்துப் படித்தபோது விஷயம் விளங்கியது. எங்கள் கார் வகையில், இன்ஜின் நின்றிருந்தால் எண்ணெய் கீழ்த்தட்டுக்கு வடிந்து, குறைவாக இருந்தாலும் கம்பியில் நிறைவாகக் காட்டும். இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையான அளவு தெரியும். சாதாரண கார்களையே பார்த்துப் பழகியவர், இன்ஜின் ஆயிலைப் பார்ப்பதுபோல வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்து, குறைவாக ஊற்றியிருக்கிறார். குறைந்த எண்ணெயில் உள்ளே இழுவை தரும் தகடுகள் வழுக்கி எரிந்தன. அம்மாவின் எந்தக் காலுக்கும் அதில் பங்கில்லை.

சில வருடங்களில், ஒரு கார் கம்பெனிக்காக ஒர்க்‌ஷாப்புகளைச் சோதித்து அறிக்கை தருவது என் வேலையானது. ஆட்டோமேட்டிக் பழுதுகள் அதிகம் என்று என்னைப் புனேயின் பாணேர் பகுதியில், ஷோரூமோடு சேர்ந்த ஒரு புதிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். கண்ணாடிச் சுவருக்குள் அதே சர்வீஸ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தலைக்குச் சாயம், பெரிய நாற்காலி. எதிரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். "அங்கிள், பிரேக்ல கால் வச்சே ஓட்டினா அப்படித்தான் ஆகும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவரின் காரில் எண்ணெய் பார்க்கச் சொன்னேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பியை உருவினார். "ஃபுல் இருக்கு மேடம்." ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சூடேறும்வரை அவரையும் என்னோடு நிற்க வைத்தேன். காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். மறுபடி உருவியபோது கம்பியின் நுனியில்கூட ஈரமில்லை. "தப்பு யாரோடதுன்னு அங்கிள்கிட்ட சொல்லுங்க" என்றேன். சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பயிற்சி முடியும்வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் கைவைக்க அவர்களுக்கு அனுமதி போயிற்று. அடுத்ததாகச் செய்தது என் அதிகாரத்தில் வராது, தெரிந்தேதான் செய்தேன். "நாளைக்கு ஒரு கஸ்டமர் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிப் பார்க்க வருவாங்க. பக்கத்துல நீங்களே உக்காரணும்" என்றேன்.

மறுநாள் அம்மா அந்தப் பளிங்குத் தரையில் தாங்கி சத்தமிட நடந்து வந்தாள். அவர் முதலில் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை. தெரிந்துகொண்டார். நாற்காலியிலிருந்து எழுந்தார்.

நான் பின் இருக்கையில் இருந்தேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, லீவரை நகர்த்தி, பாணேர் சாலையின் நெரிசலுக்குள் காரை விட்டாள். இத்தனை வருட இடைவெளி அவள் கைகளில் தெரியவில்லை. அவர் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். முன்னே ஒரு லாரி குறுக்கிட்டபோது அவரது பாதம் தரைவிரிப்பை அழுத்தியது. ஒரு டூவீலர் வந்தது, மறுபடி அழுத்தினார். சிக்னலில் நின்றதும் அம்மா கீழே பார்த்தாள்.

"காலை எடுங்க சாப். உங்க பக்கம் பிரேக் கிடையாது."

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வண்டி நல்லாத்தான் ஓடுது மேடம். அப்போ... அந்த கியர்பாக்ஸ்... எங்க தப்புதான். இத்தோட போதும், திரும்பிடலாமா?"

"எனக்குப் போதலையே" என்றாள் அம்மா. சிக்னல் பச்சையானது.